ஜிம்னியை ஆஃப்ரோடுக்குத் தயார் செய்வது: எந்த ரிம், எந்த டயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னியை வைத்துத்தான் கீழே உள்ள கணக்குகள் எல்லாம் போடப்பட்டிருக்கின்றன. ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் முழு ஆக்சில், கம்பு போட்டு மாற்றும் நான்கு சக்கர ஓட்டம், சுமார் 1,200 கிலோ எடை. சக்கரத்தில் செய்யும் சின்ன மாற்றம்கூட உடனே ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும் வண்டி இது. உங்களிடம் இருப்பது தார், கூர்க்கா, பழைய ஜிப்ஸி எதுவானாலும் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான்.

முதலில் எதை முடிவு செய்வது, ரிம்மையா டயரையா?

டயரை. அதற்கும் முன்னால், வண்டி எந்தத் தரையில் ஓடப்போகிறது என்பதை.

கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது ரிம்தான். சுவர் முழுக்கக் கருப்பும் வெண்கல நிறமுமாக மாட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒன்று பிடித்துப்போகும். அந்த ரிம்முக்குத் தோதாக ஒரு டயர், அந்த டயர் உரசாமலிருக்கச் சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் தட்டு, அப்புறமும் உரசுவதால் பம்பரை வெட்டுவது, பிறகு வண்டியின் உடம்பைத் தூக்கும் லிஃப்ட் கிட் என்று ஒன்றன் பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தரைக்கு ஏற்ற டயர், அந்த டயரை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும் அகலத்தில் ரிம், ஆக்சில் முனையில் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் சரியாக உட்காரும் துளைகள். நிறமும் வடிவமும் கடைசி. இப்படிப் போனால் முக்கால்வாசிப் பேருக்குக் கம்பெனி ரிம்மே போதும் என்று தெரியவரும். மிச்சமாகும் பணத்தை நல்ல டயருக்குப் போடலாம்.

ரிம்மில் பொறித்திருக்கும் எண்களுக்கு என்ன பொருள்?

ஜிம்னியின் கம்பெனி ரிம் 15×5.5ஜே, பி.சி.டி. 5×139.7, இ.டி. 5, நடுத்துளை 108 மி.மீ.

15 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், அங்குலத்தில். 5.5 என்பது உள்ளே இரு விளிம்புகளுக்கும் இடைப்பட்ட அகலம், அதுவும் அங்குலம். ஜே என்பது விளிம்பின் வடிவத்தைச் சொல்லும் எழுத்து. பி.சி.டி. என்றால் போல்ட் துளைகளின் மையங்கள் வழியாக வரையும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். முன்னால் உள்ள 5 துளைகளின் எண்ணிக்கை. நடுத்துளை என்பது ஹப்பின் மூக்கு நுழையும் ஓட்டை. இ.டி. என்பது ஜெர்மன் சொல்லின் சுருக்கம், ஆஃப்செட்டைக் குறிக்கிறது. குழப்பம் எல்லாம் அதில்தான் வரும் என்பதால் அதைத் தனியாகப் பார்க்கலாம்.

இந்த 139.7 என்பது விசித்திர எண்ணாகத் தெரியலாம். 5.5 அங்குலத்தை மில்லிமீட்டராக்கினால் வருவது அது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் ஐந்து போல்ட்டும் இதே வட்டத்தில்தான் இருந்தன.

பி.சி.டி.யை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். நான்கு அல்லது ஆறு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து துளைக்கு எதிர்த்துளை கிடையாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மைய தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். ஜிம்னியில் அந்தத் தூரம் சுமார் 82 மி.மீ. வர வேண்டும். 67 மி.மீ. வந்தால் அது 5×114.3, பல கார்களில் வரும் அளவு, ஜிம்னியில் ஏறாது.

பழைய ரிம் வாங்குபவர்கள் இதை அளக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 'நூத்தி முப்பத்தொன்பதுதான் சார்' என்று கடைக்காரர் சொன்னால் அது ஆறு துளையாகவும் இருக்கலாம். ஃபார்ச்சூனரும் இசுசு டி-மேக்ஸும் 6×139.7.

பி.சி.டி. பொருந்திவிட்டால் ரிம் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது நடுத்துளை. ஜிம்னியின் ஹப் மூக்கு பெரியது. 108 மி.மீ.க்குக் குறைந்த நடுத்துளை உள்ள ரிம் உள்ளேயே போகாது. அதைக் கடைசல் பட்டறையில் குடைந்து பெரிதாக்கித் தருவதாகச் சொல்வார்கள். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் சக்கரம் ஆடும், அலாயின் கனமும் குறைந்துவிடும். வேண்டாம். நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப வளையம் போடலாம்.

இரண்டாவது ஸ்டட், அதாவது ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறும் போல்ட். ஜிம்னியுடையது 12 மி.மீ. தடிமன், 1.25 மி.மீ. மரை. அலாயின் நடுப்பகுதி இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருக்கும். அதனால் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையலாம். குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட்டு ஏற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இங்கே அது 12 மி.மீ., அதாவது கையால் திருகும்போது ஏறக்குறைய பத்துச் சுற்று. எண்ணிப் பாருங்கள். ஆறு ஏழு சுற்றிலேயே முட்டி நின்றால் அந்த ரிம்மும் நட்டும் ஒன்றுக்கொன்று சேராது.

மூன்றாவது நட்டு உட்காரும் இடம். கூம்பு, உருண்டை, தட்டை என மூன்று வகை உண்டு. சுசுகியில் வருவது 60 டிகிரி கூம்பு நட்டு. உருண்டைக் குழி வெட்டிய ரிம்மில் கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே அது தொடும். முறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும்.

அப்படி இறுகிய நான்கு நட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் புது அலாய் மாட்டிக்கொண்டு வந்தார். இருவருமாக மலை இறங்கிக்கொண்டிருந்தோம். பின்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். ஏதோ கல் சிக்கியிருக்கும் என்று இரண்டு கொண்டை ஊசி வளைவு வரை அப்படியே இறங்கிவிட்டோம். நிறுத்திப் பார்த்தால் இடது பின்சக்கரத்தில் ஒரு நட்டைக் காணோம், மற்ற நான்கும் விரலால் திருகும் நிலையில் இருந்தன. ரிம்மின் துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. அந்தக் கடையில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. கையில் கிடைத்த நட்டைப் போட்டு ஏர் கன்னால் முறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து யார் ரிம் மாற்றினாலும் நட்டைக் கழற்றி, குழியோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

ஆஃப்செட் என்றால் என்ன? எவ்வளவு மாற்றலாம்?

ரிம்மை அகலவாட்டில் சரிபாதியாக ஒரு கோடு கிழித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்த நடுக்கோட்டிலேயே இருந்தால் ஆஃப்செட் பூஜ்யம். அந்த முகம் வெளிப்பக்கமாக, சாலையைப் பார்த்துத் தள்ளி இருந்தால் கூட்டல். உள்பக்கம் தள்ளி இருந்தால் கழித்தல். கூட்டல் ஏற ஏறச் சக்கரம் வண்டிக்கு உள்ளே ஒடுங்கும். கழித்தல் ஏற ஏற வெளியே துருத்தும்.

அகலம் மாறாமல் ஆஃப்செட் மட்டும் மாறினால் கணக்கு சுலபம். நிஜத்தில் இரண்டும் சேர்ந்தே மாறும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரிம் அகலத்தில் பாதியிலிருந்து இ.டி.யைக் கழித்தால் வெளிவிளிம்பு ஹப்பிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கும் என்று வரும். பாதியோடு இ.டி.யைக் கூட்டினால் உள்விளிம்பு எவ்வளவு உள்ளே போகும் என்று வரும்.

கம்பெனி ரிம் 5.5 அங்குலம், அதாவது 139.7 மி.மீ., பாதி 70. இ.டி. 5. ஆக வெளியே 65, உள்ளே 75.

கடைகளில் அதிகம் காட்டுவது 7 அங்குல ரிம். பாதி 89. அதில் இ.டி. 0 எடுத்தால் வெளியே 89, உள்ளே 89. கம்பெனி ரிம்மைவிட 24 மி.மீ. வெளியே வருகிறது, 14 மி.மீ. உள்ளேயும் போகிறது. அந்த 14 மி.மீ.தான் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கையில் உரசும். சரி என்று கழித்தல் 10க்குப் போனால் உள்ளே வெறும் 4 மி.மீ. அதிகம், உரசல் தீர்ந்தது. ஆனால் வெளியே 34 மி.மீ.

34 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று கேட்பார்கள். நுனியைப் பிடித்து அழுத்தும் நீண்ட கடப்பாரைக்குப் பாறை சுலபமாகப் புரளும். இங்கே கடப்பாரை ரிம், புரட்டப்படுவது ஹப் பேரிங். சக்கரத்தின் நடு எவ்வளவு வெளியே போகிறதோ, ஒவ்வொரு குழியிலும் பேரிங்கின் மேல் விழும் திருகல் அந்த அளவுக்குக் கூடும். முன்பக்கம் இன்னொன்றும் நடக்கும். சக்கரம் திரும்பும் அச்சு கிங்பின் வழியாகப் போகிறது. டயரின் நடு அதை விட்டு விலக விலக, ஒரு கல்லில் இடித்தாலும் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழலும். பாறையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விட்டிருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

என் கணிப்பைக் கேட்டால் 6 அல்லது 6.5 அங்குல அகலம், இ.டி. 0க்கும் 5க்கும் பக்கத்தில். 6 அங்குலத்தில் இ.டி. 0 எடுத்தால் வெளியே 11 மி.மீ., உள்ளே ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான் மாறுகிறது. பேரிங்குக்கும் பயமில்லை, 5.5இல் ஒழுங்காக உட்காராத டயரும் இதில் உட்காரும்.

பழைய ரிம்மில் இ.டி. பொறிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிம்மின் முகத்தைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். பின்விளிம்பின் மேல் நேரான ஒரு கம்பியோ மரச்சட்டமோ வைத்து, அங்கிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை ஆழத்தை அளங்கள். பிறகு விளிம்போடு சேர்த்து ரிம்மின் மொத்த அகலத்தை அளந்து பாதியாக்குங்கள். ஆழத்திலிருந்து அந்தப் பாதியைக் கழித்தால் இ.டி. கம்பெனி ஜிம்னி ரிம்மில் ஆழம் ஏறக்குறைய 87, பாதி 82 என்று வரும்.

ஸ்பேசர் போடலாமா?

என் வண்டியில் போட மாட்டேன். ஸ்பேசர் வேலை செய்வது கழித்தல் ஆஃப்செட்டைப் போலத்தான், அதன் தீமைகள் எல்லாம் உண்டு. கூடவே இறுக்கிப் பார்க்க வேண்டிய நட்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், உள்ளே இருக்கும் ஐந்தைச் சக்கரத்தைக் கழற்றாமல் பார்க்கவே முடியாது. ஸ்டட்டின் மேல் வெறுமனே செருகும் தட்டு வகை இன்னும் மோசம், இருக்கிற மரையையும் தின்றுவிடும்.

டயரை எவ்வளவு பெரிதாக்கலாம்?

கம்பெனி அளவு 195/80 ஆர்15. 195 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 156 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், நடுவில் 381 மி.மீ. ரிம். மொத்த விட்டம் 693 மி.மீ.

215/75 ஆர்15 போட்டால் விட்டம் 703.5. ஒன்றரை சதவீதம்தான் கூடுதல். ஜிம்னியில் எதையும் வெட்டாமல் உட்காரும், 5.5 அங்குலக் கம்பெனி ரிம்மிலேயே ஏற்றலாம். ஆஃப்ரோடுக்குப் போகும் பெரும்பாலான ஜிம்னிக்காரர்களுக்கு என் பதில் இதோடு முடிந்துவிடுகிறது.

அடுத்து எல்லோரும் ஆசைப்படுவது 235/75 ஆர்15. விட்டம் 733.5, கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆக்சிலுக்கு அடியில் 20 மி.மீ. உயரம் கூடும். முழு ஆக்சில் வண்டியில் லிஃப்ட் கிட் போட்டு எவ்வளவு தூக்கினாலும் உடம்புதான் உயரும், ஆக்சிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரை விட்டால் வழியில்லை. அதனால் இந்த 20 மி.மீ.யை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அதற்கு என்னென்ன கொடுக்கிறோம் என்று பாருங்கள். இந்த டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும், ஆக ரிம்மும் மாற்ற வேண்டும். முன் பம்பரின் ஓரத்தில் இடிக்கும், வெட்ட வேண்டும் அல்லது தூக்க வேண்டும். 134 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை உள்ள 1.5 லிட்டர் என்ஜினுக்கு ஒவ்வொரு கியரும் 6 சதவீதம் நீண்டுபோகும். ஏற்றத்தில் மூன்றாவதில் போன இடத்துக்கு இரண்டாவது கேட்கும். அதே பிரேக், பெரிய சக்கரம், ஆக தரையில் கிடைக்கும் பிரேக் விசையும் குறையும். ஸ்பீடோமீட்டர் 100 என்று பழைய டயரில் காட்டிய அதே இடத்தில் இப்போது வண்டி 6 கி.மீ. கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும்.

பாறை ஏறுவதே வேலை என்றால் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு 235க்குப் போகலாம். வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டி, மாதம் ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு 215 போதும்.

17 அங்குல ரிம் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்குமே?

மொத்த விட்டத்தை மாற்றாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கினால் குறைவது பக்கச்சுவர். 15இலிருந்து 17க்குப் போனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குல ரப்பர் போய்விடும். கல்லில் இடிக்கும்போது அமுங்கிக் கொடுப்பதும், காற்றை இறக்கினால் தரையோடு படர்ந்து பிடிப்பதும் அந்த ரப்பர்தான்.

2020இல் வந்த தாரைப் பாருங்கள். ஒரே வண்டி, கம்பெனியே இரண்டு அளவு கொடுத்தது. ஒன்று 245/75 ஆர்16, மற்றது 255/65 ஆர்18. முதலாவதன் பக்கச்சுவர் 184 மி.மீ., இரண்டாவதுடையது 166. 18 அங்குலச் சக்கரம்தான் மொத்தத்தில் சற்றுப் பெரியது, ஆனாலும் பக்கச்சுவர் அதில் குறைவு. சேற்றிலும் பாறையிலும் வேலை உள்ளவருக்கு நான் 16ஐத்தான் சொல்வேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளின் சக்கரங்களை ஒருமுறை நின்று கவனியுங்கள். அந்தக் கற்பாதையில் தினமும் ஏறி இறங்கிப் பிழைப்பவர்கள் சின்ன ரிம், உயர்ந்த பக்கச்சுவரில்தான் ஓட்டுகிறார்கள்.

ஜிம்னிக்கு 15 அங்குலம் கிடைத்திருப்பது வரம். அதை விட்டுவிடாதீர்கள்.

அகலமான டயர் நல்லதா, ஒல்லியான டயரா?

தரையைப் பொறுத்தது. மேலே சேறு, ஒரு சாண் அடியில் கெட்டித் தரை என்றால் ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியைத் தொடும். அடியே இல்லாத மணல் என்றால் மிதக்க வேண்டும், அங்கே அகலம் உதவும். ஆனால் காற்றை இறக்கினால் டயர் பெரும்பாலும் நீளவாட்டில்தான் படரும். ஒல்லியான டயரும் மணலில் மிதப்பது அப்படித்தான். 1,200 கிலோ வண்டிக்கு 195, 215 இரண்டுமே ஒல்லி என்று சொல்ல முடியாத அளவுதான்.

ஏ.டி.யா, எம்.டி.யா?

எல்லாத் தரைக்குமான ஏ.டி.தான். சேற்று டயரான எம்.டி.க்குப் பெரிய கட்டைகள், அகன்ற பள்ளங்கள். களிமண்ணை உதறித் தள்ளும். அதே கட்டைகள் மழையில் நனைந்த தார்ச்சாலையில் தொடும் பரப்பைக் குறைத்துவிடும். மலைப்பாதையில் பிரேக் பிடிக்கும்போது அது தெரியும். வயலும் செம்மண் வண்டிப்பாதையுமாக மழைக்காலம் முழுக்கச் சேற்றிலேயே கிடப்பவருக்கு மட்டும் எம்.டி.

இரும்பு ரிம்மா, அலாயா?

ஜிம்னியில் ஜீட்டா என்ற வகைக்கு இரும்பும் ஆல்ஃபா என்ற வகைக்கு அலாயும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. இரும்பு நெளியும், தட்டி நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். அலாய் நெளிவதற்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் விரியும். விரிந்த அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து. வெப்பம் பட்ட இடத்தில் உலோகத்தின் பலம் மாறிவிடும்.

அலாய்தான் வேண்டும் என்றால் உள்பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இருக்கின்றனவா, ஒரு ரிம் எத்தனை கிலோ சுமை தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரபல ரிம்மின் வடிவத்தை நகல் எடுத்த மலிவு ரிம்கள் சந்தையில் நிறைய. முத்திரையையும் நகல் எடுக்கிறார்கள் என்பதால் பில் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

டயரில் 96எஸ், 100டி என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். எண் சுமையையும் எழுத்து வேகத்தையும் குறிக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை, கியூ என்றால் 160 வரை. கம்பெனி டயரின் சுமை எண்ணுக்குக் குறைந்ததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பக்கச்சுவரில் இருக்க வேண்டும்.

காற்றை எவ்வளவு இறக்கலாம்? அதற்குப் பீட்லாக் ரிம் வேண்டுமா?

தார்ச்சாலைக்குக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டை சொல்வதுதான் அளவு. கல்பாதையில் 20 பி.எஸ்.ஐ., மணலில் 15 முதல் 18 வரை இறக்கி ஓட்டுகிறேன். ஜிம்னி எடை குறைந்த வண்டி, அதற்குக் கீழே போகத் தேவை வருவது அபூர்வம். 12க்குக் கீழே போனால் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் அபாயம் வரும், அதுவும் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது. பீட்லாக் அந்த ஓரத்தைப் போல்ட் போட்டுக் கவ்விப் பிடிப்பது. போட்டிக்கு இறங்குபவர்களுக்கு அது பயன்படும். சாலையில் ஓட்டிக்கொண்டே போய் ஆஃப்ரோடு செய்பவருக்குத் தேவையில்லை.

இதில் ரிம்முக்கும் பங்கு உண்டு. டயருக்குப் பொருந்தும் அகலங்களில் சற்றுக் குறுகிய ரிம், காற்றை இறக்கும்போது ஓரத்தை நன்றாகப் பிடித்திருக்கும். 7 அங்குலத்தில் 215 டயரை இழுத்து விரித்து மாட்டினால் ரிம்மின் உதடு வெளியே தெரியும், முதல் கல்லே அதில்தான் படும்.

இறக்கிய காற்றைத் தார்ச்சாலை வந்ததும் ஏற்ற 12 வோல்ட் கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும். இறக்கிய காற்றோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி உள்ளே நூல் பிரியும்.

ஸ்டெப்னி பழையதாகவே இருக்கலாமா?

நான்கு சக்கர ஓட்டம் போடும்போது ஜிம்னியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. ஒரு சக்கரம் சிறியது என்றால் அந்த வித்தியாசம் முறுக்காக மாறிக் கியர் பெட்டிக்குள் ஏறும். ஐந்தும் ஒரே அளவு, ஒரே மாடல் என்று வாங்குங்கள். ஒன்றரை சதவீத வித்தியாசம் என்றால் பஞ்சர் கடை வரை இரு சக்கர ஓட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம், அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி பெரிதானால் கதவின் கீலுக்கும் எடை கூடும். பம்பரைத் தொடுகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரிம் மாற்றியதும் 60, 70 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. ஏன்?

முழு ஆக்சில் வண்டியில் இது பழைய நோய். முதலில் பேலன்சிங். சேறு ரிம்முக்குள் காய்ந்து ஒட்டியிருந்தாலே போதும், கழுவிவிட்டுப் பாருங்கள். அப்புறம் ரிம் மையத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் கிங்பின் பேரிங், ஸ்டியரிங் டேம்பர், இணைப்புக் கம்பிகளின் முனைகள். புதுச் சக்கரத்தின் எடையும் துருத்தலும் ஏற்கெனவே தேய்ந்திருந்த ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் பல நேரம் நடப்பது. டேம்பரை மட்டும் மாற்றினால் நடுக்கம் கொஞ்ச நாள் அடங்கும், காரணம் அங்கேயே இருக்கும்.

சட்டப்படி மாற்றலாமா? காப்பீடு என்ன ஆகும்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறான மாற்றங்கள் கூடாது என்று தீர்ப்பளித்தது. கம்பெனி அந்த மாடலுக்கே கொடுத்த அளவுகளுக்குள் இருந்தால் சிக்கலே இல்லை. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர்தான் தெருவில் எல்லோர் கண்ணிலும் படுவது. பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் கல்லை வீசுவதும் அதுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை எதிர்க்கிறேன்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய அன்று கடையிலேயே என்னென்ன பார்க்க வேண்டும்?

நட்டை முதலில் கையால் திருகச் சொல்லுங்கள். ஏர் கன்னில் தொடங்கினால் மரை குறுக்கே ஏறினாலும் தெரியாது. பிறகு நட்சத்திர வடிவில் ஒன்றுவிட்டு ஒன்றாக, டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டர். ஸ்டட்டில் எண்ணெயோ கிரீஸோ பூச வேண்டாம், அதே அளவுக்கு முறுக்கினாலும் அதிகமாக இழுபட்டுவிடும்.

அடுத்து உரசல் சோதனை. சமதரையில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்து 'உரசவில்லை' என்பது பாதிச் சோதனைதான். நான்கு டயரின் தோளிலும் சாக்பீஸ் பூசுங்கள். ஒரு முன்சக்கரத்தையும் எதிர்மூலையில் உள்ள பின்சக்கரத்தையும் மேட்டிலோ கருங்கல் மீதோ ஏற்றி, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசி வரை ஒடித்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். மறுபக்கச் சக்கரங்களுக்கும் இதையே செய்யுங்கள். இறங்கி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மட்கார்டின் உள்தகட்டிலோ, பம்பர் ஓரத்திலோ, பிரேக் குழாயிலோ வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த அளவு உங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை. பிளாஸ்டிக்கில் லேசாகப் பட்டால் செதுக்கிக்கொள்ளலாம். பிரேக் குழாயில் பட்டால் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள், வாங்கிய அன்றே கொடுத்தால்தான் கடைக்காரரும் எடுத்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு, சக்கரம் ஆறியிருக்கும்போது, இருபது நட்டுகளையும் மறுபடி அதே ரெஞ்சில் பாருங்கள். புது ரிம்மின் வண்ணப்பூச்சு நட்டுக்கு அடியில் நசுங்கி இறங்கும், ஒன்றிரண்டு கால் சுற்று திரும்பும். முதல் ஆஃப்ரோடு ஓட்டம் முடிந்து திரும்பியதும் இன்னொரு முறை.